வேலை செய்த பாயிண்டில் ஒளிந்திருந்த பழுது

"கரன்ட் எப்போது போகிறது என்று நான் கேட்கவில்லை அம்மா. போவதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லுங்கள்."

எலக்ட்ரீஷியன் பையைத் திறக்கக்கூட இல்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு மஞ்சள் தாளை விரித்து, பென்சிலால் வீட்டின் நீள அகலத்தை வரைந்துகொண்டே கேள்விகளைக் கேட்டார். அமெரிக்காவின் வட கரோலினாவில், ராலி நகரத்தைத் தாண்டிக் கிராமப்புறமாக இருக்கும், தொழிற்சாலையில் கட்டி இழுத்துவந்து நிறுத்திய ஒரு வீடு அது. சுற்றிலும் பைன் மரங்கள், செம்மண், குளிர்காலக் காலை. வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். இரண்டு படுக்கையறைகளிலும் நடைவழியிலும் விளக்கும் பிளக் பாயிண்டும் திடீரென்று செத்துப்போகின்றன, பிறகு தானாகவே உயிர் பெறுகின்றன. கதவை ஓங்கிச் சாத்தினால் சில நேரம் வந்துவிடுகிறதாம்.

இதற்கு முன் இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். ஒருவர் பிரேக்கரை மாற்றினார். கரன்ட் வந்தது, சில வாரம் கழித்து மறுபடி போனது. அடுத்தவர் படுக்கையறையில் செத்துக்கிடந்த பாயிண்டை மாற்றினார். அப்போதும் வந்தது, மறுபடி போனது. போகும்போது, "இந்த மாதிரி வீடுகளே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் இந்த மாதிரி வீடுகளில்தான் வாழ்கிறார்கள். நிலமும் வீடும் சேர்ந்து விற்கும் விலைக்கு எட்டாதவர்களுக்கு, ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு, சொந்தக் கூரை என்று வாய்ப்பது இதுதான். அவர்கள் வீட்டுப் பழுதுக்கும் காரணம் உண்டு, இடம் உண்டு. தேடினால் கிடைக்கும். அன்று எலக்ட்ரீஷியனோடு கூடவே இருந்து அதைக் கண்ணால் பார்த்தேன்.

அம்மா யோசித்துச் சொன்னார்: பெரும்பாலும் குளிர் நாட்களில். இரவு முழுக்கப் படுக்கையறையில் ரூம் ஹீட்டர் ஓடும். விடியற்காலையில் கண் விழித்தால் ஹீட்டர் நின்றிருக்கும், விளக்கும் எரியாது. கோடையில் இந்தத் தொந்தரவே இல்லை. எலக்ட்ரீஷியன் அந்தத் தாளில் "ஹீட்டர்" என்று எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டார்.

இந்த வீடுகள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரியாமல் இங்கே பழுது தேட முடியாது. முழு வீட்டையும் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே, இரும்புச் சட்டத்தின் மேல், அச்சும் சக்கரமும் வைத்துக் கட்டுகிறார்கள். பிறகு லாரியில் பூட்டி நெடுஞ்சாலையில் இழுத்துவந்து நிலத்தில் நிறுத்துகிறார்கள். இந்த வீடு 'டபுள் வைடு', அதாவது இரண்டு பாதிகளாக வந்து இடத்தில் ஒட்டப்பட்டது. 1976 ஜூன் 15 முதல் கட்டப்படும் இத்தகைய வீடு எல்லாவற்றுக்கும் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை வகுத்த ஒரே தரவிதிதான். வெளிச்சுவரின் பின்கோடியில், ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றாக, சிவப்பு நிற உலோகத் தகடு அறைந்திருக்கும். எலக்ட்ரீஷியன் முதலில் அதைத்தான் தேடிப்போனார். உள்ளே, படுக்கையறை அலமாரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீடு கட்டிய தேதி அதில் இருந்தது: 1990களின் நடுப்பகுதி.

அந்தத் தேதியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை பல வீடுகளில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டிருக்கிறார்கள். 1972க்கு முன்னால் அலுமினியத்தில் வயரிங் செய்த வீட்டில், இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு செம்பு வயரிங்கைவிட 55 மடங்கு அதிகம் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அப்படி ஒரு வீடாக இருந்தால் ஒரு பாயிண்டைச் சரிசெய்து முடிகிற வேலையல்ல, எல்லா இணைப்பையும் பார்த்தாக வேண்டும். இது செம்பு.

அடுத்து வெளியே போனோம். இந்த வீடுகளில் பெரும்பாலும் மெயின் ஸ்விட்ச் வீட்டுக்குள் இருக்காது. வெளியே, சுவரிலிருந்து 30 அடிக்குள் ஒரு கம்பத்தில் மீட்டரும் மெயினும் இருக்கும். உள்ளே இருப்பது துணைப் பேனல். கம்பத்திலிருந்து வீட்டுக்கு நாலு கம்பிகள் வருகின்றன: இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். நம் ஊரில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இங்கே இரண்டு ஃபேஸுக்கும் இடையில் 240, ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 120. சாதாரண பாயிண்ட் எல்லாம் 120தான்.

அவர் ஒரு ஃபேஸில் மட்டும் பெரிய லோடைப் போடச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் அளந்தார். கம்பத்திலிருந்து வரும் பொது நியூட்ரல் லூஸாக இருந்தால் லோடு போட்ட பக்கம் வோல்டேஜ் இறங்கும், மறுபக்கம் அதே அளவு ஏறும். வீட்டில் பாதி விளக்குகள் மங்கும், பாதி கண்ணைப் பறிக்கும். டிவியும் ஃபிரிட்ஜும் எரிந்துபோவது அப்படித்தான். இங்கே ஒரு பக்கம் ஒரு வோல்ட் இறங்கியது, மறுபக்கம் அசையவில்லை. வெளியே இருந்து வருவது சுத்தம். விளக்கு மினுங்குகிறது என்று யார் சொன்னாலும் முதலில் செய்யவேண்டிய சோதனை இதுதான். வீட்டுக்குள் மணிக்கணக்காகச் சுவரைக் குடைந்த பிறகு இதைச் செய்வதில் பயனில்லை.

மெயினை அணைத்துவிட்டு உள்ளே வந்து பேனல் மூடியைக் கழற்றினார். நியூட்ரல் கம்பிகள் ஒரு பட்டையில், எர்த் கம்பிகள் இன்னொரு பட்டையில், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார். இரண்டும் சேரவேண்டிய இடம் வெளியே இருக்கும் மெயின் மட்டும்தான். பழுது பார்க்க வந்தவர் யாராவது உள்ளேயும் அவற்றை இணைத்துவிட்டால், நியூட்ரலில் திரும்பவேண்டிய கரன்ட் எர்த் வழியாகவும் பாயும். எர்த்தோடு வீட்டின் இரும்புச் சட்டம் இணைந்திருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்த நாளில் முழுச் சட்டமும் கரன்ட் ஏறி நிற்கும், ஈரத் தரையில் நின்று உலோகப் படியைத் தொடுகிறவர் அடி வாங்குவார். இங்கே அந்தத் தவறு இல்லை. திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். புதிதாகப் போட்ட பிரேக்கர் அப்பாவியாக உட்கார்ந்திருந்தது.

பேனல் கதவில் எந்த பிரேக்கர் எதற்கு என்று எழுதியிருந்த எழுத்து மங்கிப்போயிருந்தது. சந்தேகத்துக்குரிய 15 ஆம்பியர் பிரேக்கரை அணைத்துவிட்டு, கையில் ஒரு டெஸ்டரோடு வீடு முழுக்க நடந்தோம். எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தாளில் ஏறியது. இந்த சர்க்யூட் முன்கூடத்தில் மூன்று பாயிண்டில் தொடங்குகிறது, பிறகு வீட்டின் மறுபாதிக்குத் தாவி நடைவழி, இரண்டு படுக்கையறைகள் என்று போகிறது. ஒரு பாயிண்டிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று கரன்ட் கைமாறிக் கைமாறிப் போகும் அமைப்பு. கேபிள் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது என்று வெளியிலிருந்து ஊகிப்பது வீண். தொழிற்சாலையில் சுவரை மூடுவதற்கு முன்பே கேபிளை அடித்துவிடுகிறார்கள்.

நடந்துகொண்டிருக்கும்போது குளியலறையில் நின்று ஒரு விஷயம் சொன்னார், இந்த மாதிரி வீடுகளில் வசிப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்கவேண்டியது. அங்கே 'டெஸ்ட்', 'ரீசெட்' என்று இரண்டு பொத்தான்கள் உள்ள பாயிண்ட் ஒன்று இருக்கும். மின்கசிவு கண்டால் தானே அணையும். வெளிச்சுவரில் உள்ள பாயிண்டும், வீட்டுக்கடியில் தண்ணீர்க் குழாய் உறையாமல் சூடாக்கும் பட்டைக்கான பாயிண்டும் பல வீடுகளில் இதன் பின்னால்தான் தொங்குகின்றன. குளியலறையில் இது அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை என்றால், தண்ணீர் உறையும் இரவில் அடியில் குழாய் வெடிக்கும். அம்மாவிடம் அதை அழுத்திக் காட்டினார்.

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. அப்போது எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு வரும் பழுதில் இதுதான் கொடுமை, ஆள் வந்தால் ஒளிந்துகொள்ளும். மல்டிமீட்டரைச் சொருகினால் எல்லாப் பாயிண்டிலும் 121 வோல்ட். முன்பு வந்த இருவரும் இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்க வேண்டும். மீட்டர் இழுக்கும் கரன்ட் இல்லாததற்குச் சமம். முடி அளவு தொட்டுக்கொண்டிருக்கும் கம்பியிலும் அது முழு வோல்டேஜைக் காட்டும். பழுது வரும்வரை காத்திருக்கக் கூடாது, வேலை கொடுத்து வரவழைக்க வேண்டும்.

அவர் அம்மாவின் 1500 வாட் ஹீட்டரையே எடுத்துக்கொண்டார். முன்கூடத்தின் முதல் பாயிண்டில் சொருகி ஓடவிட்டு அளந்தார்: 118. கம்பியின் நீளத்துக்கு 3 வோல்ட் இறங்குவது இயல்பு. இரண்டாவது, மூன்றாவது பாயிண்டிலும் அதே கதை. மறுபாதியின் முதல் பாயிண்டுக்குப் போனார், நடைவழியில் இருப்பது. சொருகி ஓடவிட்டதும் 104.

எண் மாறியதும் அவர் அவசரப்படவில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்தார்: 119. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்தார்: 15. ஓரிரண்டு வோல்ட் இருக்கவேண்டிய இடம் அது. ஃபேஸ் கம்பி முழுசாக வந்து சேர்கிறது, திரும்பிப் போகும் வெள்ளைக் கம்பிதான் எங்கோ திணறுகிறது. நான் அந்த எண்ணைத் தாளில் எழுதி முடிப்பதற்குள் ஹீட்டர் நின்றது. நடைவழி விளக்கும் போனது. பழுது வந்துவிட்டது.

அப்போது அவர் காட்டியதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஹீட்டரின் ஸ்விட்ச் இன்னும் ஆன் நிலையில் இருந்தது. விளக்கில்லை, சத்தமில்லை. வீட்டில் யாரைக் கேட்டாலும் கரன்ட் இல்லை என்பார்கள். அவர் டெஸ்டரை வெள்ளைக் கம்பி வரும் துளைக்குள் வைத்தார், அது சிவப்பாக ஒளிர்ந்தது. நியூட்ரல் அறுந்துவிட்டதால், ஹீட்டர் சுருளைத் தாண்டி வந்த கரன்ட் போக வழியின்றி வெள்ளைக் கம்பியில் நிற்கிறது. எர்த்துக்கு அளந்தால் 120க்கு அருகில். இருட்டாக இருக்கிறது என்று நம்பி அந்தப் பாயிண்டைக் கழற்றியவர் கை அந்தக் கம்பியில் பட்டால் உயிருக்கே ஆபத்து. பிரேக்கரை அணைக்காமல் எதையும் தொடாதீர்கள் என்று அம்மாவிடம் கடுமையாகவே சொன்னார்.

பிரேக்கரை அணைத்தோம். சில நிமிடங்கள் கழித்துப் போட்டால் எல்லாம் எரிந்தது. முன்பு வந்தவர்களின் வேலை ஏன் பலித்ததுபோல் தெரிந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. லூஸ் காண்டாக்ட் சூடாகி விரிகிறது, விரிந்து விலகுகிறது. பிரேக்கரை மாற்ற மின்சாரத்தை அணைத்த நேரத்தில் அது ஆறிச் சுருங்கி மறுபடி தொட்டுக்கொண்டது. புதிய பிரேக்கர் செய்த நன்மை எதுவும் இல்லை.

இப்போது சந்தேகம் மூன்று இடங்களுக்குச் சுருங்கியது: முன்கூடத்தின் கடைசிப் பாயிண்ட், நடைவழியின் முதல் பாயிண்ட், நடுவில் வீட்டுக்கடியில் இரண்டு பாதிகளின் கம்பிகளும் சேரும் ஜங்ஷன் பாக்ஸ். எனக்கு அடியில் இருக்கும் பாக்ஸின் மேல்தான் சந்தேகம் வலுத்தது. தொழிற்சாலையில் செய்யாமல், நிலத்தில் வந்து நிறுத்திய பிறகு கையால் பூட்டிய இணைப்பு அது ஒன்றுதான்.

வீட்டைச் சுற்றியிருந்த தட்டியில் ஒரு பலகையைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனார். நான் வாசலில் படுத்து டார்ச் அடித்தேன். மேலே கருப்பு பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேல் பஞ்சு, அதற்கு மேல் தளம். ஷீட் ஓரிடத்தில் கிழிந்து பஞ்சு தொங்கியது. எலிகள் அங்கே கூடு கட்டும், கேபிளின் உறையைக் கடிக்கும். கேபிளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார், கடி எதுவும் இல்லை. இரண்டு இரும்புச் சட்டங்களையும் இணைக்கும் எர்த் கம்பி இடத்தில் இருந்தது. பாக்ஸைத் திறந்து, அடியில் ரப்பர் விரிப்பும் கையில் உறையுமாக, மேலே ஹீட்டரை ஓடவிடச் சொல்லி அளந்தார். 105. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 14.

அந்த 105தான் அன்றைய திருப்பம். பாக்ஸுக்கு வந்து சேரும்போதே வோல்டேஜ் இறங்கிவிட்டது. பாக்ஸில் குற்றமில்லை, நடைவழிப் பாயிண்டிலும் குற்றமில்லை. நஷ்டம் அதற்கு முன்னால் நடந்துவிட்டது.

முன்கூடத்துக்குத் திரும்பினோம். கடைசிப் பாயிண்ட் சோபாவுக்குப் பின்னால் இருந்தது. அதில் ஒரு மேசை விளக்கு மட்டும் சொருகியிருந்தது, அது ஒரு நாளும் அணைந்ததில்லை என்றார் அம்மா. ஹீட்டரை நடைவழியில் ஓடவிட்டு இங்கே அளந்தால் 118. ஆரோக்கியமான எண். ஆனால் இதிலிருந்து வெளியேறி அடிப்பாக்ஸுக்குப் போவதற்குள் 13 வோல்ட் காணாமல் போகிறது. அவர் வெப்பப் படம் எடுக்கும் கேமராவைச் சுவரை நோக்கித் திருப்பினார். பாயிண்ட் மூடியின் இடது பாதி வெள்ளையாகச் சுடர்ந்தது. அத்தனை நாளும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த, யாரும் திரும்பிப் பார்க்காத பாயிண்டில்தான் பழுது. தனக்கு வரவேண்டியது அதற்கு வந்தது, அடுத்ததற்குக் கொடுக்கும் இடத்தில்தான் கோளாறு.

13 வோல்ட்டை, இறங்கிய வோல்டேஜில் ஹீட்டர் இழுத்த ஏறக்குறைய 11 ஆம்பியரால் பெருக்கிப் பாருங்கள்: 143 வாட். சுவருக்குள், விரல்நுனி அளவு உலோகத்தில், இரவு முழுக்க. இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே 1500 வாட் ஹீட்டர் நம் ஊர் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர்தான் இழுக்கும், இங்கே 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். இணைப்பில் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரே அளவு லூஸான காண்டாக்ட் இந்த நாட்டில் ஏறக்குறைய 4 மடங்கு சூடாகும். பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளாது, 15 ஆம்பியரைத் தாண்டவில்லையே.

பிரேக்கரை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். பின்னால் பெட்டியே இல்லை. இந்த வீடுகளில் பெரும்பாலும் போடுவது பெட்டி இல்லாத பாயிண்ட். சுவர்ப்பலகையை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும். கேபிளை உரித்துத் திருகில் மாட்டுவது கிடையாது. இரண்டு கத்தி விளிம்புகளுக்கு நடுவில் கம்பியை அழுத்தினால் விளிம்பு உறையைக் கிழித்துக்கொண்டு செம்பைப் பிடிக்கும். தொழிற்சாலையில் சில நொடி வேலை. விதி இதை அனுமதிக்கிறது, ஒழுங்காக அழுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான பாயிண்டுகள் பல காலமாக ஓடுகின்றன. ஆனாலும் என் மனம் இதை ஏற்கவில்லை. பிடிப்பு முழுக்க அந்த மெல்லிய விளிம்பின் விறைப்பில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலைக் குலுக்கலும், ஒவ்வொரு குளிர்காலமும் ஹீட்டர் ஏற்றி இறக்கும் சூடும் அதைத் தளர்த்தினால், திரும்ப இறுக்க அதில் திருகே இல்லை.

வெளியே எடுத்துப் பார்த்தோம். உள்ளே வரும் கேபிளின் கம்பிகள் பளபளப்பாக இருந்தன. வெளியேறும் கேபிளின் வெள்ளைக் கம்பி பழுப்பேறி, உறை உருகி, விளிம்போடு ஒட்டிக் கருகியிருந்தது. பிளாஸ்டிக்கில் குழி விழுந்திருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தலைவைத்துப் படுக்கும் சோபாவைத் திரும்பிப் பார்த்தார்.

மாற்றுவது சொல்வதுபோல் எளிதல்ல. சுவர் மெல்லியது, உள்ளே ஆழமில்லை, தொழிற்சாலையில் கேபிளைத் துளிகூட மிச்சம் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். கருகிய பகுதியை நல்ல செம்பு வரும்வரை வெட்டியதும் கம்பி இன்னும் குறைந்தது. துளையைச் சற்றே பெரிதாக்கி, பழைய சுவரில் மாட்டுவதற்கென்றே வரும் ஆழம் குறைந்த பெட்டியைப் பொருத்தினார். வெள்ளையோடு வெள்ளை, கருப்போடு கருப்பு, வெற்றுச் செம்போடு வெற்றுச் செம்பு என்று சேர்த்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு கம்பியை மட்டும் பாயிண்டின் திருகுக்குக் கொண்டுவந்தார். இனி இந்தப் பாயிண்ட் கெட்டாலும் அதன் வழியாக அடுத்த அறையின் கரன்ட் போகவேண்டியதில்லை. பாயிண்டின் பின்னால் உள்ள துளையில் கம்பியைச் சொருகிவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு. அதை அவர் செய்யவில்லை, முறுக்குவிசையை அளக்கும் திருப்புளியால் திருகை இறுக்கினார்.

பிறகு அதே ஹீட்டர், அதே நடைவழிப் பாயிண்ட். 117. அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தார், 117தான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2க்குக் கீழே. கேமராவில் சுவர் ஒரே நிறம்.

மின்பொறியைக் கண்டறியும் பிரேக்கர் போட்டால் இது முன்பே தெரிந்திருக்குமே என்று கேட்டேன். போடுவது நல்லது, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது என்றார். அது பொறி பறக்கும் இணைப்பைக் கண்டுபிடிக்கும். பொறியே இல்லாமல் கணகணவென்று சூடேறும் இணைப்பு அதன் கண்ணில் படாமல் போகலாம். லோடு போட்டு வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் அதைப் பிடிக்கும் வழி.

அதே சர்க்யூட்டின் மற்ற பாயிண்டுகளையும் ஒவ்வொன்றாக லோடு வைத்துப் பார்த்தார். படுக்கையறைச் சுவரில் ஒன்று மட்டும் தேவைக்கு மேல் 2 வோல்ட் இறக்கியது. அதை அன்றே மாற்றினார். மீதியை அடுத்த முறை வரும்போது பெட்டி வைத்து மாற்றுவதாகப் பேச்சு. ஹீட்டருக்கு மட்டும் பேனலிலிருந்து தனி 20 ஆம்பியர் லைன் இழுக்கவேண்டும் என்றார். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து ஓடும் லோடு 80 சதவீதத்துக்குள், அதாவது 12 ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். அம்மாவின் ஹீட்டர் முழு வேகத்தில் கேட்பது 12.5. தனி லைன் வரும்வரை ஹீட்டரைப் பாதி வேகத்தில், 750 வாட்டில் ஓட்டச் சொன்னார். மஞ்சள் தாளைப் பிரதி எடுத்துப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினார். அதில் எந்தப் பாயிண்டிலிருந்து எந்தப் பாயிண்டுக்குக் கரன்ட் போகிறது என்பது அம்புக்குறியோடு இருந்தது, மாற்றவேண்டிய மீதிப் பாயிண்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.